நடுவம் இல்லாத பணவலையா? லெபோ அம்பாங் கிட்டங்கிகள் கூறும் வரலாறு

கோலாலம்பூரில் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்திற்குக் கிழக்கே, சில நிமிட நடைத்தொலைவில், லெபோ அம்பாங் என்னும் சிறு தெரு உள்ளது. நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டித்தொழிலும் உண்டியல் தொழிலும் நடத்திய கிட்டங்கிகள் இத்தெருவில் அடுத்தடுத்து இருந்தன. முன்புறம் குறுகியும் உட்புறம் நீண்டும் கிடக்கும் கடைவீடு. உள்ளே ஒரே கூடம். கூடத்தின் இருமருங்கிலும் பாய் விரித்து, மரப்பெட்டியை முன்வைத்து அமர்ந்திருக்கும் மேலாள்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி நிறுவனம். ஒரு பெட்டிக்குரிய முதலாளி தேவகோட்டையில் இருப்பார். அடுத்த பெட்டிக்குரியவர் காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். ஒருவர் முதலில் மற்றவருக்குப் பங்கில்லை. ஒருவர் அடைந்த இழப்பை மற்றவர் ஏற்கக் கடமையுமில்லை. சமையல் மட்டுமே பொது.

தலைமை அலுவலகம் இல்லை, இயக்குநர் அவை இல்லை, பொது முத்திரை இல்லை. ஆயினும் இக்கூடத்தில் எழுதப்பட்ட ஒரு தாள், சென்னையிலும் இரங்கூனிலும் கொழும்பிலும் சைகோனிலும் பணமாக மாறிற்று. நடுவம் இல்லாத பணவலைக்குத் தமிழர் வரலாற்றில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

இவ்வரலாற்றை இன்று மீண்டும் புரட்டிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2008-ஆம் ஆண்டில் சத்தோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. வங்கி போன்ற இடையாள் எவரையும் நம்பாமல், கணினிகளின் வலை ஒன்றே பேரேட்டை எழுதிக் காத்துப் பணத்தைக் கைமாற்ற இயலும் என அக்கட்டுரை கூறியது. 2009 சனவரியில் பிட்காயின் இயங்கத் தொடங்கிற்று. அன்று முதல், 'இவ்வலைகளுக்கு நடுவம் இல்லை' என்பதே அவற்றை ஆதரிப்போரின் முதன்மை வாதமாக உள்ளது. நடுவம் உண்மையிலேயே இல்லையா, இருந்தால்தான் என்ன என்னும் வினாக்கள் அதன்பின் எழுந்தன. இவ்வினாக்களுக்குக் கிட்டங்கிகளின் நூற்றாண்டு வரலாறு கூறும் விடை, இருதரப்பு வாதங்களைக் காட்டிலும் தெளிவானது.

நகரத்தாரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புகழ்ச்சியிலோ இகழ்ச்சியிலோ முடித்துவிடுவர். இரண்டிலும் அவர்களுடைய கணக்கு விடுபட்டுப் போகிறது. இங்குக் கணக்கிலிருந்தே தொடங்குவது நலம்.

கிள்ளானில் மளிகை வாணிகம் செய்யும் ஒருவர் சென்னையிலுள்ள சரக்கு வணிகருக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது எனக் கொள்க. அவர் கிட்டங்கிக்குச் சென்று மேலாளிடம் வெள்ளியைக் கொடுப்பார். மேலாள் உண்டியல் எழுதித் தருவார். சென்னையில் இன்ன விலாசத்தார் இத்தொகையைக் கொடுத்துவிடுவாராக என்பதே அதன் சாரம். கண்டவுடன் பணம் தர வேண்டியது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தர வேண்டியது தவணை உண்டியல். தாள் கப்பலேறிச் சென்றது, பணம் செல்லவில்லை. சென்னைக் கடையின் ஏட்டில் மலாயாக் கடையின் பேரில் பற்று எழுதப்படும். மலாயாக் கடையின் ஏட்டில் சென்னைக் கடைக்கு வரவு எழுதப்படும். எதிர்த்திசையில் வேறொருவர் பணம் அனுப்பும்போது பற்றும் வரவும் ஓரளவு நேராகும்.

1906-இல் நீரிணைக் குடியேற்ற வெள்ளியின் மதிப்பு 2 சில்லிங் 4 பென்சு என நிலைப்படுத்தப்பட்டது. அக்காலத்து இந்திய ரூபாய் 1 சில்லிங் 4 பென்சு. ஆகவே 100 வெள்ளிக்கு நேர்மதிப்பு 175 ரூபாய். 1927-இல் ரூபாயின் மதிப்பு 1 சில்லிங் 6 பென்சு எனச் சட்டமாக்கப்பட்ட பின்னர் அதே 100 வெள்ளிக்கு ஏறத்தாழ 155 ரூபாயே நேர்மதிப்பாயிற்று. எந்தக் கிட்டங்கியும் இதனைத் தீர்மானிக்கவில்லை; எந்த நகரவிடுதியிலும் இது பேசி முடிக்கப்படவில்லை. ஆட்சியாளரின் நாணயக் கொள்கை, கிள்ளான் வணிகரின் தாளில் 20 ரூபாயைக் குறைத்தது. தன்னளவில் நடுவம் இல்லாத வலையும் பிறிதொரு நடுவம் வகுத்த நாணயத்தின்மேல்தான் நின்றது என்பதை இக்கணக்கு ஒன்றே காட்டும்.

இனி வலைக்குள்ளேயே நோக்குவோம். பற்றும் வரவும் எப்போதும் தாமாகவே நேராவதில்லை. மலாயாவிலிருந்து தாயகம் நோக்கிச் செல்லும் பணம் மிகுந்திருக்கும் காலத்தில் ஒரு பக்கம் நிலுவை ஏறிக்கொண்டே போகும். அந்நிலுவையைத் தாங்குவதற்குப் பெருமுதல் வேண்டும். அம்முதல் எல்லாக் கடைகளுக்கும் வாய்த்ததன்று. வாய்த்திருந்த சில பெருங்கடைகளே அடத்திக் கடைகள் எனப்பட்டன. சிறுகடைகள் அடத்தியிடம் கணக்கு வைத்தன. அடத்தியின் பேரில் உண்டியல் எழுதின. கைமிகுந்த பணத்தை அங்கேயே இட்டுவைத்தன. பணமுடை வந்தபோது அங்கேயே கடன் பெற்றன. இரு சிறுகடைகளுக்கிடையே தீரவேண்டிய கணக்கு, அடத்தியின் ஏட்டில் ஒரு வரியை வெட்டி மற்றொரு வரியை எழுதுவதனால் தீர்ந்தது.

அடத்தியை அங்கே அமர்த்தியவர் எவருமிலர். தேர்தல் நடக்கவில்லை, சட்டம் இயற்றப்படவில்லை. மிகுந்த கையிருப்பு உடையவரைப் பிறர் நாடினர். நாடியவர் பெருகப் பெருகக் கையிருப்பும் பெருகிற்று.

வட்டி விகிதத்திலும் இதே போக்கைக் காணலாம். கடைகள் தம்முள் கொடுக்கல் வாங்கலுக்கு வசூலித்தது நடப்பு வட்டி. இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி இவ்விகிதத்தை முடிவு செய்தனர். போட்டியாளர்கள் மாலையில் ஒன்றாக அமர்ந்து, பணம் எவ்வளவு தேங்கியுள்ளது, எவ்வளவு தேவைப்படுகிறது என்று பேசி ஒரு விகிதத்திற்கு உடன்பட்டனர். மறுநாள் காலையில் அவரவர் பெட்டியடிக்குச் சென்று போட்டியைத் தொடர்ந்தனர். மையவங்கி செய்யும் பணியை ஒரு கோயில் மண்டபம் செய்தது. 1857-இல் பினாங்கிலும் 1859-இல் சிங்கப்பூர் டேங்க் சாலையிலும் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில்களையும், பின்னர்க் கோலாலம்பூர் ஈப்போ சாலையில் எழுந்த கோயிலையும் வழிபாட்டிடங்களாக மட்டும் கருதுவது பொருந்தாது. கணக்கிலிருந்து எடுத்து வைக்கப்பட்ட மகமையால் வளர்ந்தவை அவை. வழக்குகள் பேசித் தீர்க்கப்பட்டதும் ஆங்கே.

உண்டியலை மதிக்காமல் திருப்பிய கடைக்கு என்ன நேரும்? நீதிமன்றம் உண்டு, ஆனால் அது தொலைவில் இருந்தது. செய்தியோ தொலைவில் இல்லை. ஒரே கூடத்தில் வரிசையாக அமர்ந்திருந்த மேலாள்களிடையே ஒரு பெட்டியில் நிகழ்ந்தது அன்று மாலைக்குள் எல்லாப் பெட்டிகளுக்கும் தெரிந்துவிடும். கடிதவழி அது செட்டிநாட்டை எட்டும். ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைச் சாராத நகரத்தார் குடும்பம் இல்லை. திருமணத்திற்குக் கோயில்மாலை வந்தாக வேண்டும். மாலை மறுக்கப்பட்டால் மணம் ஊரறிய நிறைவேறாது. ஆகவே வலையின் ஓரத்தில், கிள்ளானில் எழுதப்பட்ட ஒரு தாளுக்குப் பிணையாக நின்றது இளையாற்றங்குடியிலோ மாற்றூரிலோ உள்ள ஒரு கோயிலின் பதிவேடு. இதனை நடுவம் அன்று என்று எவ்வாறு கூறுவது?

இங்கே ஒன்றை மறுக்காமல் ஒப்ப வேண்டும். இந்நடுவங்கள் பெயர் அறியப்பட்டவை. அடத்தி யார் என்பதை எல்லாரும் அறிவர். நடப்பு வட்டி எங்கே முடிவாயிற்று என்பதையும் அறிவர். வலைக்குள் இருந்தவருக்கு முறையிட ஓரிடம் இருந்தது. பெண்கள் சீதனத்தையும் சேமிப்பையும் ஆச்சிமார் பணமாக இட்டுவைத்ததும், கோயில் நிதியே கடைகளில் வைப்பாக இருந்ததும் அந்த நம்பிக்கையினாலாகும்.

ஆனால் வலைக்கு வெளியே நின்றவருக்கு அவ்விடம் இல்லை. பிரிக்பீல்ட்சு இரயில்வே குடியிருப்பிலிருந்த கிராணிக்கும், நிலப்பட்டாவை ஈடுவைத்த மலாய்ச் சிறுதோட்டக்காரருக்கும், ஈய லம்பம் நடத்திய சீனருக்கும் நடப்பு வட்டிக் கூட்டத்தில் இருக்கை கிடையாது. அவர்கள் செலுத்திய வட்டி அக்கூட்டத்தில் முடிவான விகிதத்தின்மேல் ஏற்றிவைத்ததேயாகும். அரசுப் பணியாளர் கடனில் மூழ்கியதை ஆங்கில ஆட்சி கவலையோடு நோக்கிற்று. 1922-இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டிலேயே அஞ்சல், தந்தித் துறைப் பணியாளரின் சிக்கன நாணயச் சங்கம் முதற்சங்கமாகப் பதிவு பெற்றது. வெளியே நின்றவர்கள் தமக்கென ஒரு நடுவத்தை அமைத்துக்கொண்டனர் என்று இதனைக் கூறலாம். அவ்வமைப்பில் உறுப்பினருக்கு வாக்கு உண்டு. கணக்கைத் தணிக்கை செய்யப் பதிவாளர் உண்டு.

வலையின் நடுவம் எத்துணை வலியது என்பது நல்ல காலத்தில் தெரிவதில்லை. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட்டு என்னும் ஆங்கில வணிக வங்கி வீழ்ந்தபோது தென்னாடு அதிர்ந்தது. ஆயினும் அது நகரத்தாருக்குப் புறத்தே நிகழ்ந்த வீழ்ச்சி. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியோ உள்ளே புகுந்தது.

பர்மாவே நகரத்தார் முதலின் பெருங்களம். 1930-இல் அறிக்கை தந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அங்கே சற்றேறக்குறைய 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன என மதிப்பிட்டது. நெல்விலை சரிந்தது, கடன்பட்ட உழவர் நிலத்தைத் தவிர வேறொன்றும் தர இயலாதவராயினர். கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1938 அளவில் அது 25 விழுக்காடாயிற்று. நிலம் வந்தது, பணம் வரவில்லை. நிலத்தை உண்டியலாக எழுதி அனுப்ப இயலுமோ?

இந்நிலை மலாயாவை எங்ஙனம் தாக்கிற்று என்பதே இங்குக் கருதத்தக்கது. கோலாலம்பூர்ப் பெட்டியடியும் இரங்கூன் பெட்டியடியும் தனித்தனி நிறுவனங்களே. எனினும் இரண்டிற்கும் முதல் வழங்கிய ஊற்று செட்டிநாட்டிலும் சென்னையிலும் இருந்தது. இரங்கூனில் முடங்கிய முதல் அங்கே வறட்சியை உண்டாக்கிற்று. வறண்ட ஊற்றிலிருந்து மலாயாவிற்குப் புதுப்பணம் பெருகுவது எங்ஙனம்? மலாயாவிலோ ரப்பர் விலை 1932-இல் அடிமட்டத்தைத் தொட்டது. இங்கும் ஈடுவைத்த தோட்டங்கள் கடன்கொடுத்தோர் கைக்கு வந்தன. 1931-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் சிறுநிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும், 1933-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலங்களை மலாய்க்காரர் அல்லாதார்க்கு ஈடுவைப்பதைத் தடுக்கும் சட்டமும் வந்தன. உழுகின்றவர் நிலையிலிருந்து பார்த்தால் இச்சட்டங்கள் காலங்கடந்து வந்தவை. பெட்டியடியிலிருந்து பார்த்தால் கொடுத்த கடனுக்கு ஈடு மறுக்கப்பட்டது. இருபக்கமும் துன்பம் இருந்தது. ஆனால் நிலத்தை இழந்தவர் துன்பமும் வட்டியை இழந்தவர் துன்பமும் ஒரே எடையுடையன அல்ல.

இக்காலத்தில் நகரத்தாருள் தொலைநோக்கு உடையோர் தம் வலைக்கு வெளிப்படையான ஒரு நடுவம் வேண்டும் என உணர்ந்தனர். 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் அது ஒரே நாளில் திறக்கப்பட்டது. அடுத்துப் பினாங்கிலும் கிளை தோன்றிற்று. கிளைகள் திறக்கப்பட்ட ஊர்களை நோக்குக: அவை உண்டியல் சென்ற பழைய வழியிலுள்ள ஊர்களே. விலாசத்தை நம்பி இயங்கிய தொழில், பங்குதாரரும் தணிக்கையும் உடைய நிறுவனமாக வடிவெடுத்தது. அயல்நாட்டுச் செலாவணியைத் தன் முதன்மைப் பணியாக அவ்வங்கி கொண்டதில் வியப்பில்லை.

பிறகு போர் வந்தது. 1941 திசம்பரில் சப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. கடல் மூடப்பட்டது, கடிதம் நின்றது, உண்டியல் நின்றது. கிட்டங்கிகளில் மேலாள்கள் இருந்தனர், பெட்டிகள் இருந்தன, ஏடுகள் இருந்தன. வலைமட்டும் இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கு முடித்து ஊர் திரும்பும் வழக்கமுடைய மேலாள், முதலாளியின் சொல் ஒன்றுகூடக் கிட்டாத நிலையில் தாமே எல்லா முடிவும் எடுக்க வேண்டியவரானார். நடுவத்தினின்றும் முற்றாக அறுபட்ட ஓரம் எவ்வாறு இயங்கும் என்பதற்கு வரலாறு நடத்திக் காட்டிய கொடிய சோதனை அது.

சப்பானியர் அச்சிட்ட நோட்டில் வாழைமரப் படம் இருந்தது. வரம்பின்றி அச்சிடப்பட்டமையால் அதன் மதிப்பு மாதந்தோறும் தேய்ந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியாகக் கடன்பெற்றவர் அந்நோட்டுக்களைக் கொண்டுவந்து கடனைத் தீர்த்து, ஈட்டைத் திரும்பக் கேட்டனர். வாங்க மறுத்தல் ஆட்சியாளரின் நாணயத்தை மறுப்பதாகும். அதற்குரிய தண்டனையை மேலாள் அறிவார். வாங்கினார், பெட்டி நோட்டுக்களால் நிரம்பிற்று. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியபோது அந்நோட்டுக்கள் வெறுந்தாள் ஆயின.

கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? ஏட்டின்படி தீர்ந்தது, மதிப்பின்படி தீரவில்லை. இதனைத் தீர்க்க அடத்தியால் இயலவில்லை. கோயில் மண்டபத்தாலும் இயலவில்லை. ஏனெனில் கடன்பட்டோருள் பெரும்பாலோர் அம்மண்டபத்தைச் சேர்ந்தவர் அல்லர். 1948-இல் அரசு, ஆக்கிரமிப்புக் காலக் கடனாளர், கடன்கொடுத்தோர் சட்டத்தை இயற்றிற்று. எந்த மாதத்தில் தொகை செலுத்தப்பட்டதோ அந்த மாதத்து மதிப்பிற்கேற்பச் சப்பானிய நோட்டை மலாயா வெள்ளியாகக் கணிக்கும் அளவுப்பட்டியல் அச்சட்டத்தில் இணைக்கப்பட்டது. ஏட்டில் முடிந்துபோன வரிகளைத் திறந்து மீண்டும் மதிப்பிடும் அதிகாரம் தனக்கு உண்டு என அரசு நிலைநாட்டியது. பேரேடு எவ்வளவு துல்லியமானதாயினும், அதன் வரிகளுக்குப் பொருள் இதுவெனக் கூற ஏட்டுக்கு வெளியே ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது. இன்று 'மாற்றவே இயலாத பேரேடு' என்று பெருமையாகப் பேசப்படும்போது, அன்றைய ஏடுகள் மாற்ற இயலாதனவாக இருந்திருப்பின் யார் அழிந்திருப்பர் என்பதும் கேட்கத்தக்கதே.

போருக்குப் பின் கிட்டங்கிகள் மீண்டும் இயங்கின. ஆயினும் நிலைமை மாறிவிட்டது. இந்தியாவில் 1947-இலும் மலாயாவில் 1953-இலும் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1951-இல் வட்டித்தொழிலர் சட்டம் உரிமத்தையும் எழுத்து ஒப்பந்தத்தையும் கட்டாயமாக்கிற்று. 1959 சனவரியில் மலாயாவின் மைய வங்கியான நெகாரா வங்கி தோன்றிற்று. நாட்டிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஓர் அலுவலகத்தின் இசைவு தேவை என்ற நிலை உருவாயிற்று. இதனால் உண்டியல் என்ற சொல்லின் பொருளே திரிந்தது. வணிகர்கள் மதித்த தாளின் பெயர், இசைவின்றி மறைவில் பணம் அனுப்பும் செயலுக்குப் பெயராயிற்று. செய்முறை மாறவில்லை, சட்டத்தின் பார்வை மாறிற்று. தமிழ் கற்பிப்போர் சொற்பொருள் வேறுபாட்டிற்கு எடுத்துக்காட்டுத் தேடின் இச்சொல்லை எடுத்தாளலாம்.

இக்காலத்தில்தான் சீட்டுக்கும் தடை வந்தது. பலர் கூடி மாதந்தோறும் பணம் போட்டு ஒருவர் எடுக்கும் ஏற்பாட்டை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாக நடத்தலாகாது என விலக்கிற்று. ஆங்கிலச் சட்டப் பெயரிலேயே 'கூட்டு' என்னும் சொல் அப்படியே இடம்பெற்றுள்ளது. கூட்டு பிடிப்பவர் பணத்துடன் மறைந்தால் கூட்டும் மறையும். பத்துப் பேர் மட்டுமே உள்ள வலையிலும் நடுவம் உண்டு என்பதைக் கம்பத்துப் பெண்கள் நெடுங்காலம் முன்பே அறிவர்.

வெளிப்படையான நடுவமாக எழுந்த வங்கிகளின் கதையும் எளிதில் முடியவில்லை. 1969 சூலையில் இந்திய அரசு பதினான்கு வங்கிகளை நாட்டுடைமையாக்கிற்று. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இந்தியன் வங்கியும் அவற்றுள் அடங்கும். அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி மலேசியாவில் தொழில் செய்யச் சட்டம் இடந்தரவில்லை. ஆதலின் 1973-இல் இவ்விரண்டின் மலேசியக் கிளைகளும் யுனைடெட் கமர்சியல் வங்கியின் கிளைகளும் இணைந்து யுனைடெட் ஏசியன் வங்கி தோன்றிற்று. 1991-இல் அதுவும் பேங்க் ஆஃப் காமர்சுடன் இணைந்து பெயர் மறைந்தது. தில்லியில் எடுக்கப்பட்ட முடிவு ஒன்று, நான்கு ஆண்டுக்குள் மலேசியக் கிளைகளின் பெயர்ப்பலகைகளை மாற்றியது.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு புதிய வலைகளை நோக்கின் பழைய முகங்கள் தென்படுகின்றன. பிட்காயின் வலையில் பேரேட்டின் படி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் உள்ளது என்பது உண்மை. கிட்டங்கியில் வாய்மொழியாகப் பரவிய செய்தியை இங்கே கணினி பரப்புகிறது. குலமும் கோயிலும் தந்த பிணையைக் கணக்கியல் தருகிறது. முன்பின் அறியாதவருக்கும் பணம் அனுப்பலாம். எந்தக் குலத்தில் பிறந்தாய் என்று அது கேட்பதில்லை. நகரத்தார் வலையால் கடக்க இயலாத எல்லையை இது கடந்துள்ளது என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் பேரேட்டில் புதுப்பக்கம் எழுதும் உரிமை, மிகுந்த கணினி ஆற்றல் உடையவருக்கே அடிக்கடி கிட்டுகிறது. தனியாக முயல்வோர் வருவாய் நிலையற்றதாதலின் பலர் கூடிக் குழுக்களாயினர். 2014-இல் அத்தகைய ஒரு குழுவின் பங்கு, வலையின் மொத்த ஆற்றலில் பாதியைத் தொட்டபோது பெருங்கலக்கம் உண்டாயிற்று. அக்குழு தானே தன் பங்கைக் குறைத்துக்கொள்வதாக உறுதி கூறிற்று. அவ்வுறுதியை வலையின் விதிகள் தரவில்லை. ஒரு நிறுவனத்தின் நற்சொல் தந்தது.

கட்டண வலையில் இவ்வொற்றுமை மேலும் தெளிவாகும். பிட்காயின் பேரேடு ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு பக்கமே எழுதும். கடைத்தெருக் கொடுக்கல் வாங்கலுக்கு அது போதாது. ஆகவே பேரேட்டின்மேல் இன்னொரு வலையாக 'லைட்னிங்' என்பது 2015-இல் முன்மொழியப்பட்டு, 2018 முதல் நடைமுறைக்கு வந்தது. இருவர் ஒரு தொகையைப் பூட்டிவைத்துத் தமக்குள் பற்றுவரவு நடத்துவர். கணக்கை முடிக்கும்போது மட்டும் பேரேட்டில் எழுதுவர். ஒருவருக்கொருவர் நேர்த்தொடர்பு இல்லாதவர், இடையிலுள்ளோர் வழியாகப் பணத்தைக் கடத்துவர். ஆனால் இடையில் நிற்பவர் பிறருடைய பணம் கடந்து செல்லும் அளவிற்குத் தம் முதலைப் பூட்டிவைத்திருக்க வேண்டும். அம்முதல் எல்லாருக்கும் வாய்ப்பதன்று. வாய்த்தவரைப் பிறர் நாடுவர். அடத்தி மீண்டும் வந்துவிட்டார்.

வேறுபாடு உண்டு. லைட்னிங்கில் இடையாள் வழிப்பணத்தைக் கவர்ந்துகொள்ள இயலாதபடி கணக்கியல் பூட்டு உள்ளது. அடத்தி மனம் வைத்தால் உண்டியலைத் திருப்பிவிடலாம். கவர்தலுக்கு எதிராகப் புதிய வலை மிக வலிது. ஆனால் வழிவிட மறுத்தலுக்கும், கட்டணத்தை உயர்த்தலுக்கும், அரசின் ஆணை வந்தபோது பணிந்து கடையை மூடுதலுக்கும் எதிராக அப்பூட்டால் ஒன்றும் செய்ய இயலாது. 1930-களில் மலாயாப் பெட்டியடிகளை வாட்டியது கவர்தல் அன்று, முதல் வறண்டமை. 1953-க்குப் பின் உண்டியலை முடக்கியதும் கவர்தல் அன்று; இசைவு மறுப்பு. பணவலைகள் களவினால் அழிந்ததைவிட இவ்விரண்டினால் அழிந்ததே மிகுதி எனக் கொள்ள இவ்வரலாறு இடந்தருகிறது.

மேலும், பொதுமக்களுள் பெரும்பாலோர் இவ்வலைகளை நேரே அணுகுவதில்லை. மாற்றகங்கள் வழியாகவே அணுகுகின்றனர். மலேசியாவில் 2019 சனவரி 15-இல் நடைமுறைக்கு வந்த ஆணை, மின்னியல் நாணயங்களைப் பங்குச்சந்தைச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. மாற்றகம் நடத்துவோர் பங்கு ஆணையத்தில் பதிவுபெற வேண்டும் என்றாயிற்று. நெகாரா வங்கியோ அவை சட்டமுறை நாணயம் அல்ல என அறிவித்தது. நாணயமாற்று, பணம் அனுப்புதல் ஆகிய தொழில்களுக்கு 2011-ஆம் ஆண்டுப் பணச்சேவைத் தொழில் சட்டம் உள்ளது. 2010-இல் 'லிட்டில் இந்தியா' எனத் திறந்துவைக்கப்பட்ட பிரிக்பீல்ட்சில் ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளி, அச்சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கடையில் சீட்டைப் பெற்றுச் செல்கிறான். பணம் போய்ச்சேராவிடின் அச்சீட்டைக் கொண்டு எங்கே முறையிடுவது என்பது அவனுக்குத் தெரியும்; அவன் பாட்டன் கொடுத்தனுப்பிய பணத்திற்கு அத்தகைய சீட்டு இருந்ததா என்பது ஐயமே.

தோக்கியோவிலிருந்து இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்னும் மாற்றகம், ஒரு காலத்தில் உலகின் பிட்காயின் மாற்றில் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருந்தது. 2014 பிப்ரவரியில் அது கதவை அடைத்தது. சற்றேறக்குறைய 8,50,000 நாணயங்கள் காணாமற் போயின என்றும், பின்னர் அவற்றுள் 2,00,000 கிடைத்தன என்றும் அறிவிக்கப்பட்டது. பேரேடு ஒரு பிழையுமின்றி இயங்கிக்கொண்டே இருந்தது. இழந்தவருக்கு அதனால் பயன் விளையவில்லை. வங்கியும் நீதிமன்றமும் வேண்டா என்று வந்த வலையில் பணமிட்டோர், தோக்கியோ நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளரிடம் மனுக்கொடுத்துக் காத்திருந்தனர். எந்நாள் மதிப்பின்படி கணக்கிடுவது என்னும் வழக்கு அங்கும் எழுந்தது. அவர்களுக்குரிய பங்கு நாணயமாக வழங்கப்படலாயிற்று, 2024 சூலையில்.